ஒருபக்கம் சோர்ந்து மீளும் தலையிடி: வாசகர் கேள்விகளும் வைத்தியரின் பதில்களும்

சென்ற இதழில் மைகிரேன் எனப்படும் ஒற்றைத் தலையிடியைப் பற்றி எழுதியபோது, மிகச் சிலருக்கு அந்தத் தலையிடியுடன் ஒருபக்கக் கைகாலும் சோர்ந்துபோகும் என்று ஒரேயொரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு திருகோணமலை நகரிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். எழுதியவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி, கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு வயது 16. கடந்த வைகாசியில், கச்சான் காற்று அனலாக வீசிய ஒரு நாள், பாடசாலை விட்டு வந்தவள் கண்முன்னே வெள்ளிக் கோடுகள் வளைந்து வளைந்து மின்னுகின்றன என்றாள். கால் மணி நேரத்தில் வலக்கை விரல்கள் விறைத்தன. விறைப்பு முழங்கைக்கு ஏறி, பிறகு வாயோரத்துக்கு வந்தது. பேச்சுக் குழறியது. அதன்பின் அந்தக் கையைத் தூக்க முடியவில்லை, காலும் இழுபட்டது. தலையிடி அதற்குப் பிறகுதான் தொடங்கியது. வைத்தியசாலையில் சீ.ரீ. ஸ்கேன் எடுத்து இரத்தக்கசிவு இல்லை என்றார்கள். மறுநாள் மாலை கைகால் பழையபடி வந்துவிட்டன. ஆவணியில் மறுபடியும் வந்தது. அம்முறை இடப்பக்கம் சோர்ந்தது. கிளினிக் புத்தகத்தில் 'ஹெமிப்ளீஜிக் மைகிரேன்' என்று எழுதியிருக்கிறார்கள். உறவினர்கள் காற்றுக் கறுப்பு என்கிறார்கள். பாடசாலையிலோ பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறாள் என்கிறார்கள். இது உண்மையில் என்ன?
— ஒரு தாய், உப்புவெளி

பதில்: அம்மா, உங்கள் மகள் நடிக்கவில்லை. கிளினிக் புத்தகத்தின் பிரதியை இணைத்து, இதைப் பாடசாலைக்கு எழுத்திலேயே தெரிவியுங்கள். முதலில் கண்ணில் கோடு, பிறகு விரலில் விறைப்பு, பிறகு வாயோரம், பிறகு பேச்சு, கடைசியில் சோர்வு என்று நீங்கள் கவனித்து எழுதியிருக்கும் வரிசை, மூளையின் அமைப்பைப் படித்திராத ஒரு பிள்ளை தானாகக் கற்பனை செய்து காட்டக்கூடியதன்று. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டதும் அந்த வரிசையே.

ஒற்றைத் தலையிடி உள்ளவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குத் தலையிடிக்கு முன்னதாகக் கண்ணில் மின்னலோ கைவிறைப்போ வருவதுண்டு. இதனை வைத்தியர்கள் 'ஓரா' என்பர். 1941ஆம் ஆண்டில் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர், தமக்கே அடிக்கடி வந்த அந்த வெள்ளிக் கோடுகளைத் தாளில் வரைந்து, அவை பார்வையில் நகரும் வேகத்தை அளந்து, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீற்றர் வேகத்தில் ஊர்ந்து செல்லவேண்டும் என்று கணக்கிட்டார். மூன்று ஆண்டுகளின் பின்னர், பிரேசில் நாட்டவரான அரிஸ்டிடெஸ் லெயாவோ வலிப்பைப் பற்றி முயல்களின் மூளையில் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஏறக்குறைய அதே வேகத்தில் மூளையின் மேற்படையான புறணியில் பரவிச் செல்லும் ஒரு மின் அடக்கத்தைக் கண்டார். இரண்டும் ஒன்றே என்பது பின்னர்தான் உணரப்பட்டது. அந்த அலை செல்லும் வழியிலுள்ள நரம்புக் கலங்கள் முதலில் ஒருசேரக் கிளர்ந்தெழுகின்றன; பொற்றாசியம் கலங்களுக்கு வெளியே கொட்டுகிறது, சோடியமும் கல்சியமும் உள்ளே பாய்கின்றன; அதன்பின் அக்கலங்கள் சில நிமிடங்களுக்கு வாய்மூடி அடங்கிவிடுகின்றன. தம்பலகாமத்து வயலில் மடையைத் திறந்துவிட்டால் நீர் ஒரே பாய்ச்சலில் கடைசி வரம்பை அடைவதில்லை. ஒரு வயல் நிரம்பி அடுத்ததற்கு வழிகிறது. உங்கள் மகளின் தலைக்குள் நடந்ததும் அப்படிப்பட்டதே. மூளையின் பின்பகுதியில் பார்வைக்குரிய இடத்தில் தொடங்கிய அலை முன்னோக்கி ஊர்ந்து தொடுவுணர்ச்சிக்குரிய இடத்தை அடைந்தபோது விரல் விறைத்தது. பேச்சுக்குரிய பகுதியைத் தொட்டபோது நாக்குக் குழறியது. தசைகளை இயக்கும் பகுதியும் அடங்கியபோது கை விழுந்தது.

பெரும்பாலானோருக்கு இந்த இயக்கப் பகுதி பாதிக்கப்படுவதில்லை. பாதிக்கப்படும் அரிய வகைதான் உங்கள் மகளுக்கு எழுதப்பட்டிருக்கும் நோய். டென்மார்க்கில் எடுக்கப்பட்ட கணக்கின்படி இது ஏறத்தாழப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு உண்டு. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்குகிறது, பெண்களுக்கே அதிகம், வயது ஏற ஏறப் பலருக்குத் தாக்கங்கள் குறைகின்றன. கண்ணிலும் விரலிலும் தோன்றுபவை வழக்கமாக 5 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம்வரை நிற்கும். கைகால் சோர்வோ பல மணி நேரம் நீடிக்கலாம். பொதுவாக 72 மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். சிலருக்கு வாரக்கணக்கிலும் செல்லும். தலையிடி சோர்வுக்கு முன்னரும் வரலாம், பின்னரும் வரலாம், வராமலேயும் போகலாம். ஒருமுறை வலமும் மறுமுறை இடமுமாகப் பக்கம் மாறுவதும் இந்நோயின் இயல்புதான்.

ஆனாலும் இந்தப் பெயரை எழுதுவதற்கு முன் வைத்தியர்கள் வேறு பலவற்றை விலக்கியாக வேண்டும். வலிப்பு வந்து ஓய்ந்தபின் சில மணி நேரம் கைகால் சோர்ந்திருப்பதுண்டு. கழுத்து இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்தாலும் தலையிடியும் சோர்வும் சேர்ந்தே வரும். இரத்தத்தை எளிதில் உறையச் செய்யும் சில நோய்கள் இளம்பெண்களிடமும் உண்டு. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: சீ.ரீ. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதன் பொருள் இரத்தக்கசிவு இல்லை என்பதே. குழாய் அடைபட்டு உண்டாகும் பாரிசவாதம் முதல் சில மணி நேரங்களில் சீ.ரீ. படத்தில் தெரியாமல் போகலாம். எனவே எம்.ஆர்.ஐ. படமும் நரம்பியல் நிபுணரின் பரிசோதனையும் உங்கள் மகளுக்கு அவசியம். இன்னும் நடக்கவில்லையெனில் அடுத்த கிளினிக் நாளில் நீங்களாகவே கேளுங்கள்.

உறவினர்கள் விபூதி பூசுவதையோ நூல் கட்டுவதையோ நான் தடுக்கப்போவதில்லை. பயந்துபோயிருக்கும் வீட்டில் அதற்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் வாய் கோணியிருக்கும் நேரத்தில் கொத்தமல்லித் தண்ணீரோ குளிசையோ எதையும் வாயில் ஊற்றவோ வைக்கவோ விடாதீர்கள். விழுங்கும் தசைகளும் சோர்ந்திருந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும்.

கேள்வி: என் மனைவிக்கு இந்நோய் என்று உறுதிசெய்து நான்கு வருடங்கள் ஆகின்றன. மூன்று முறை வைத்தியசாலைக்குக் கொண்டோடினோம். மூன்று முறையும் இரண்டாம் நாளே சுகமாகி வந்துவிட்டார். இனி வந்தால் இருட்டறையில் படுக்கவைத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா? சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் ஓடுவது பெரும் சிரமம்.
— கணவர், கிண்ணியா

பதில்: உங்கள் களைப்பு எனக்குப் புரிகிறது. இந்த இதழில் நான் சொல்ல விரும்பும் அனைத்திலும் முதன்மையானது உங்களுக்குரிய பதிலிலேயே இருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நான் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த ஆரம்ப வருடங்களில், கரைவலைத் தொழில் செய்த ஒருவரை விடியற்காலையில் கொண்டுவந்தார்கள். முந்தின நாள் பொழுதுபட்ட நேரத்தில் அவருடைய இடக்கை விழுந்திருக்கிறது. அவருக்குப் பல வருடங்களாகக் கபாலக்குத்து உண்டு. இருமுறை கை விறைத்துத் தானாகவே தெளிந்ததும் உண்டு. ஆகவே இதுவும் அதுதான் என்று வீட்டார் அவரைப் படுக்கவைத்து, தைலம் தேய்த்து, காலையில் பார்க்கலாம் என்று இருந்துவிட்டார்கள். அது பாரிசவாதம். அந்தக் கை பிறகு வலை இழுக்கவேயில்லை. அவருடைய மனைவி கட்டிலோரத்தில் நின்று, "போனமுறை தானாச் சுகம் வந்ததே ஐயா" என்று திரும்பத் திரும்பச் சொன்னது இன்றும் என் காதில் நிற்கிறது.

மீளும் என்பது மீண்ட பிறகுதான் தெரியும். சோர்வு தொடங்கிய முதல் மணி நேரத்தில், வீட்டில் நிற்கும் எவராலும், படுக்கையருகில் நிற்கும் வைத்தியராலும்கூட, பார்த்த மாத்திரத்தில் அதனை உறுதியாகச் சொல்ல முடியாது. மூளையின் பெரிய இரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடமொன்றுக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் மடிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குருதிக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாகச் சோர்வு தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் ஏற்றவேண்டும். ஓரா உடைய மைகிரேன்காரருக்குப் பாரிசவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்பதையும் நினைவில் வைத்திருங்கள். இளவயதில் அந்த வாய்ப்பு மிகச் சிறியது. அதன் இரு மடங்கும் சிறியதே. ஆயினும் "இவருக்கு மைகிரேன்தானே" என்ற எண்ணம் ஒரு பாதுகாப்பு ஆகாது.

அப்படியானால் ஒவ்வொரு முறையும் ஓடத்தான் வேண்டுமா? உங்கள் மனைவியை வழக்கமாகப் பார்க்கும் நரம்பியல் நிபுணருடன் அமர்ந்து, எந்தத் தாக்கத்தை வீட்டில் கவனிக்கலாம், எதற்கு உடனே வரவேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் என்ன எழுதித் தந்தாலும், பின்வரும் நிலைகளில் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது: சோர்வு படிப்படியாக ஊராமல் ஒரே நொடியில் வந்தால், கண்ணில் மின்னலோ விறைப்போ இல்லாமல் கை மட்டும் விழுந்தால், தலையிடி இடி விழுந்ததுபோல் திடீரென்று உச்சத்துக்கு ஏறினால், காய்ச்சல், வலிப்பு, நினைவு தடுமாறிய பேச்சு, எழுப்ப முடியாத உறக்கம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தால், கர்ப்பகாலத்திலோ பிரசவத்தின் பின்னரோ வந்தால், வழக்கமான நேரத்தில் தெளியத் தொடங்காவிட்டால். முந்தினவற்றைப் போல இல்லை என்று உங்கள் மனதுக்குப் பட்டாலே போதும், காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2009இல் பாலம் திறக்கப்படும்வரை கிண்ணியாத் துறையில் நோயாளியை வைத்துக்கொண்டு பாதைப் படகுக்குக் காத்துநின்ற காலத்தை உங்கள் பெற்றோர் அறிவார்கள். அந்தத் தாமதம் இப்போது இல்லை. வீட்டுக்குள் நாமாகவே உண்டாக்கும் தாமதம்தான் எஞ்சியிருக்கிறது.

சோர்வு தொடங்கும்போது முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். கண்ணில் எத்தனை மணிக்கு, விரலில் எத்தனை மணிக்கு, பேச்சில் எத்தனை மணிக்கு என்று ஒரு கொப்பியில் குறியுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி அதுவாகவே இருக்கும். பல சமயம் எந்தப் படத்தையும்விட அந்தக் குறிப்பே நோயை இனங்காட்டும்.

கேள்வி: நான் 44 வயதான ஆசிரியை. மூன்று வருடங்களுக்கு முன் வந்த தாக்கத்தில் காய்ச்சலுடன் இரண்டு நாள் நினைவின்றிக் கிடந்தேன். இடக்கை தேறுவதற்கு மூன்று வாரங்கள் சென்றன. இப்போது கண்டியில் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில், மூளையின் வெண்பகுதியில் சிறு புள்ளிகள் சில காணப்படுவதாக எழுதியிருக்கிறார்கள். மூளை கரைகிறதா? வகுப்பில் பிள்ளைகளின் பெயர் மறக்கும்போதெல்லாம் நெஞ்சு திடுக்கிடுகிறது.
— ஆசிரியை, திருகோணமலை நகர்

பதில்: உங்கள் கடிதத்தில் வெவ்வேறான இரண்டு விடயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் அச்சத்தில் பெரும்பகுதி குறையும் என்று நம்புகிறேன்.

முதலில் புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். வெண்பகுதியில் இத்தகைய சிறு புள்ளிகள், கைகால் சோராத சாதாரண மைகிரேன் உள்ள பெண்களிடமும் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகின்றன. வயது செல்லச் செல்ல மைகிரேனே இல்லாதவர்களிடமும் தோன்றுகின்றன. இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல் ஆகியவை அவற்றைப் பெருக்கும். நெதர்லாந்தில் பொதுமக்களிடையே செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2004இல் இதனை வெளியிட்டது. அதே மக்களை ஏறத்தாழ ஒன்பது வருடங்களின் பின்னர் மறுபடியும் படமெடுத்துப் பார்த்தபோது, மைகிரேன் உள்ள பெண்களிடம் புள்ளிகள் அதிகரித்திருந்தன. ஆனால் நினைவாற்றலோ சிந்திக்கும் ஆற்றலோ அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை என்று 2012இல் அறிவித்தார்கள். எனவே புள்ளி என்ற சொல்லை மூளை கரைகிறது என்று வாசிக்க வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் நாற்பது பேர்கொண்ட வகுப்புகள் பலவற்றை எடுக்கும் ஒருவருக்குப் பெயர் தடுமாறுவதற்கு உறக்கக் குறைவும் கவலையுமே போதுமான காரணங்கள். தடுப்பு மருந்தாக டொபிரமேட் எடுப்பவராயின் அதுவும் சொற்களைத் தேடவைக்கும். அவ்வாறாயின் வைத்தியரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்துகள் உண்டு.

மூன்று வருடங்களுக்கு முன் வந்த அந்தத் தாக்கத்தை நான் இவ்வளவு இலேசாகச் சொல்லமாட்டேன். காய்ச்சலும் நினைவிழப்பும் வாரக்கணக்கில் நீடிக்கும் சோர்வும் சேர்ந்த கடுந்தாக்கம் இந்நோய் உள்ள சிலருக்கு மட்டுமே வருகிறது. அவ்வேளையில் எம்.ஆர்.ஐ. எடுத்தால், சோர்ந்த கைகாலுக்கு எதிர்ப்பக்க அரைமூளையின் புறணி வீங்கியிருப்பதைக் காணலாம். உங்களுக்கு இடக்கை என்பதால் அது வலப்பக்கமாக இருந்திருக்கும். பெரும்பாலானோரில் அந்த வீக்கம் நாட்களிலோ வாரங்களிலோ வற்றி, படமும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஒரு சிலரில், குறிப்பாக இப்படிப்பட்ட தாக்கம் மீண்டும் மீண்டும் வந்தவர்களில், அவ்விடம் மெலிந்து நிலையான குறையை விட்டுச்செல்வதும் உண்டு. உங்கள் அறிக்கையில் புறணியின் மெலிவு பற்றி எதுவும் எழுதப்படவில்லை, கையும் முழுமையாகத் தேறிவிட்டது. இவை இரண்டும் நல்ல அடையாளங்கள். ஆனால் அதே அளவு தாக்கம் மறுபடியும் வராமல் தடுப்பதே இனி நோக்கமாக இருக்கவேண்டும். தடுப்பு மருந்தை, சுகமாக இருக்கிறதே என்று நடுவில் நிறுத்தாதீர்கள்.

இன்னொரு மாற்றத்தையும் சொல்லவேண்டும். பரம்பரையாக வரும் வகைகளுள் ஒன்றில், தாக்கங்களின் எண்ணிக்கையோடு தொடர்பின்றி, சிறுமூளை மெல்ல மெல்லச் சுருங்குவது சிலரிடம் காணப்படுகிறது. நடையில் தள்ளாட்டம், கருவிழி தானாக ஆடுதல், சொற்கள் இழுபடுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். நீங்கள் அவ்வாறு எதையும் எழுதவில்லை. எனினும் அடுத்தமுறை நிபுணரிடம் செல்லும்போது நடையையும் கண்ணசைவையும் சோதிக்கும்படி கேட்பதில் தவறில்லை. தொடையிலோ மணிக்கட்டிலோ குழாய் செலுத்தி இரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் அஞ்சியோகிராம் சோதனையை எப்போதாவது உங்களுக்குச் செய்ய நேர்ந்தால், இந்நோய் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அச்சோதனையே சிலருக்குத் தாக்கத்தைத் தூண்டியிருக்கிறது.

கேள்வி: வெளிநாட்டிலுள்ள என் அண்ணன் தனது மைகிரேனுக்கு எடுக்கும் சுமாட்ரிப்டான் குளிசைகளை எனக்கும் அனுப்பியிருக்கிறார். எனக்கும் கை விழுவதுண்டு. பாவிக்கலாமா?
— வாசகர், மூதூர்

பதில்: வேண்டாம், தம்பி. சுமாட்ரிப்டான் வகை மருந்துகளும், பழைய எர்கொட்டமின் மருந்தும் இரத்தக்குழாய்களைச் சுருக்குபவை. கைகால் சோரும் மைகிரேனுக்குப் பாவிக்கக் கூடாது என்று அவற்றின் அறிவுறுத்தல் தாளிலேயே அச்சிடப்பட்டிருக்கும். சில நிபுணர்கள் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்குப் பின்னாளில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்றாலும், அது அவர்கள் எடுக்கவேண்டிய முடிவேயன்றி அண்ணன் அனுப்பிய பொதியைப் பார்த்து நீங்கள் எடுக்கவேண்டியதன்று. வலிக்குப் பரசிற்றமோல், வயிற்றுக்கு ஒத்துவந்தால் இபுபுரூபன் போன்றவை, வாந்திக்கு வைத்தியர் தரும் மருந்து ஆகியவையே வழக்கம். பனடோல்தானே என்று தினமும் விழுங்குவதும் ஆபத்து: மாதத்தில் 15 நாட்களுக்கு மேல் சாதாரண வலிநிவாரணி எடுத்துவந்தால் அந்த மருந்தே நாள்தோறும் தலையிடியை உண்டாக்கிவிடும். தாக்கங்கள் அடிக்கடி வந்தால் தடுப்பு மருந்து கேளுங்கள். வெரப்பமில், ஃபுளுனரிசின், லமோட்ரிஜின், அசற்றசோலமைட் ஆகியவற்றிலிருந்து ஒன்றை நிபுணர் உங்கள் உடல்நிலைக்கேற்பத் தெரிவுசெய்வார்.

கேள்வி: தங்கைக்குச் சம்பந்தம் பேசி வருகிறார்கள். எங்கள் அம்மாவுக்கும் இளவயதில் இதே சோர்வு வந்ததுண்டு. மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லவேண்டாம் என்கிறார் மாமா. பிள்ளைகளுக்கும் வருமா?
— சகோதரன், தம்பலகாமம்

பதில்: தாய்க்கும் மகளுக்கும் இருப்பதால் இது பரம்பரை வகையாகவே இருக்கக்கூடும். 1996இல் 19ஆம் நிறமூர்த்தத்திலும், 2003இல் 1ஆம் நிறமூர்த்தத்திலும், 2005இல் 2ஆம் நிறமூர்த்தத்திலும் இதற்குக் காரணமான மூன்று பரம்பரையலகுகள் கண்டறியப்பட்டன. மூன்றுமே மூளைக் கலங்களின் சுவரில் கல்சியம், சோடியம், பொற்றாசியம் ஆகியவை போய்வரும் வாயில்களையும் பம்பிகளையும் அமைப்பவை. அவற்றில் பழுது இருந்தால், நான் மேலே சொன்ன அந்த அலை எளிதில் கிளம்பிவிடுகிறது. பெற்றோரில் ஒருவரிடம் பழுதுள்ள பரம்பரையலகு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது செல்லும் வாய்ப்புப் பாதிக்குப் பாதி. சென்றவர்கள் அனைவருக்கும் நோய் ஒரே அளவில் வருவதில்லை. தாய்க்கு மூன்றே முறை வந்து, மகளுக்கு ஆண்டுக்கு மூன்று முறை வருவதும் உண்டு. குடும்பத்தில் எவருக்கும் இல்லாமல் ஒருவருக்கு மட்டும் வருவதும் உண்டு என்பதால், இதனைக் குடும்பக் குறை என்று பேசுவதற்கு இடமில்லை.

மாமாவின் கருத்தோடு நான் உடன்படவில்லை. நாளை ஒரு நடுச்சாமத்தில் உங்கள் தங்கையின் கை விழும்போது பக்கத்தில் இருக்கப்போகிறவர் அவருடைய கணவர்தான். நேரத்தைக் குறிப்பதும் அம்புலன்ஸை அழைப்பதும் அவர் பொறுப்பாக இருக்கும். தெரியாதவரால் அதைச் செய்ய முடியாது. மேலும், ஓரா உடைய மைகிரேன் உள்ள பெண்கள் ஈஸ்திரோஜன் கலந்த கருத்தடைக் குளிசைகளை எடுக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி கூறுகிறது. அக்குளிசை பாரிசவாதத்தின் வாய்ப்பை மேலும் உயர்த்தும். புகைப்பழக்கமும் சேர்ந்தால் இன்னும் மோசம். குடும்பநல மாதுவிடம் வேறு முறைகளைக் கேட்டுப் பெறலாம். பிள்ளை பெற நினைக்கும்போதும் மருந்துகளை முன்கூட்டியே மாற்றவேண்டியிருக்கும்: வல்புரோவேற்றும் டொபிரமேட்டும் கருவுக்குத் தீங்கு செய்யக்கூடியவை. மறைத்து நடத்தும் ஒரு கலியாணத்துக்குள் இவற்றில் எதை அவர் யாரிடம் வாய்விட்டுக் கேட்க முடியும்?

கேள்வி: விரதம் பிடித்து உச்சிவெயிலில் கோணேசர் மலையேறினால் அன்றிரவே எனக்குத் தாக்கம் வருகிறது. தெய்வக் குற்றமா?
— வாசகி, நிலாவெளி

பதில்: பட்டினி, நீர் குறைதல், உறக்கம் கெடுதல், கூசும் வெளிச்சம், வெக்கை ஆகிய ஐந்துமே மைகிரேனைத் தூண்டுபவை. அந்த ஒரு நாளில் ஐந்தும் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. விடிகாலைப் பூசைக்குப் போங்கள். தொப்பியோ குடையோ கொண்டுபோங்கள். பாலும் பழமும் தண்ணீரும் எடுக்கக்கூடிய விரதத்தைக் கடைப்பிடியுங்கள். நோன்பு நோற்கும் முஸ்லிம் வாசகர்களும் இதே கேள்வியை எழுதியிருக்கிறார்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு. உங்கள் மௌலவியிடமும் உங்கள் வைத்தியரிடமும் ரமழான் தொடங்குவதற்கு முன்னரே பேசிக்கொள்ளுங்கள். இந்நோய் உள்ள சில குடும்பங்களில் தலையில் சிறிய அடி பட்டாலே கடுந்தாக்கம் வருவதுண்டு, அரிதாக உயிராபத்தாகவும் முடிந்திருக்கிறது. அக்குடும்பங்களின் பையன்கள் கால்பந்தைத் தலையால் முட்டுவதை விட்டுவிட வேண்டும். மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் இருந்தாலும் தலைக்கவசத்தைக் கழற்றக் கூடாது.

கேள்வி: கடற்றொழில் செய்கிறேன். வருடத்தில் இரண்டு முறை இந்தச் சோர்வு வருகிறது. கடலுக்குப் போகலாமா?
— வாசகர், குச்சவெளி

பதில்: தனியாகப் போகாதீர்கள். சுழியோடும் வேலையைக் கைவிடுங்கள். நீருக்கடியில் கை விழுந்தால் உங்களை மேலே கொண்டுவர எவருமில்லை. படகில் உடன் வருபவருக்கு நோயின் பெயரையும், கண்ணில் வெள்ளிக் கோடு தோன்றியதும் இயந்திரத்தை அவர் கைக்கு மாற்றிக் கரைக்குத் திருப்பவேண்டும் என்பதையும் இன்றே சொல்லிவையுங்கள். கோடு தோன்றுவதற்கும் கை சோர்வதற்கும் இடையே உங்களுக்குக் கிடைப்பது சிறிது நேரமே. கரையிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அதைக்கொண்டு முடிவுசெய்யுங்கள். உயிர்காப்பு அங்கியைப் படகின் அடியில் மடித்து வைக்காமல், கரையிலிருந்து புறப்படும்போதே அணிந்துகொள்ளுங்கள். ஒரு கையால் அதை மாட்ட முடியாது.